வா-வா பெடலும் ஆட்டோ-வாவும்: கிட்டார் வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிட்டார் சொல்லிக்கொடுக்கும்போதும், ஒத்திகை அறையில் உட்கார்ந்திருக்கும்போதும் இந்த இரண்டு பெடல்களைப் பற்றி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போவதால், முதல் தடவை வரிசையாகப் படிப்பது நல்லது.

வா-வா பெடல் உள்ளே அப்படி என்னதான் பண்ணுது?

கிட்டாரிலிருந்து வரும் ஒலியில் ஒரு சின்ன அதிர்வெண் பகுதியை மட்டும் உயர்த்திக் காட்டி, மற்றவற்றை அடக்குகிறது. அப்படி உயர்ந்து நிற்கும் இடத்தை இந்தப் பக்கம் முழுக்க ‘முகடு’ என்று சொல்லப்போகிறேன். பெடலைக் காலால் முன்னும் பின்னும் சாய்த்தால் முகடு இடம் மாறும். குதிகால் அழுத்தியிருக்கும்போது சுமார் 400 ஹெர்ட்ஸில் நிற்கும். விரல் பக்கம் அழுத்தினால் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டிப் போகும். பெடலுக்குப் பெடல் இந்த எண்கள் கொஞ்சம் மாறும்.

வாயைக் குவித்து ‘உ’ என்று ஆரம்பித்து, சுருதியை மாற்றாமல் மெல்ல ‘ஆ’ என்று திறந்து பாருங்கள். ஸ்வரம் அதேதான், ஒலியின் நிறம்தான் மாறுகிறது. வாயும் ஒரு ஃபில்டர்தான்; வடிவம் மாறும்போது அதன் முகடுகளும் நகர்கின்றன. அதனால்தான் வா-வா போட்ட கிட்டார் யாரோ பேசுவது போலக் கேட்கிறது.

கிட்டார்லயே டோன் நாப் இருக்கே, அதைத் திருகினா இதே சத்தம் வராதா?

வராது. கிட்டாரில் இருக்கும் டோன் நாப் மேல் அதிர்வெண்களைக் குறைக்க மட்டுமே செய்யும். வா-வாவில் ஒரு இடத்தை உயர்த்தும் வேலையும் நடக்கிறது. அந்த உயர்வு இல்லாவிட்டால் ஒலி மங்கித் தெளியுமே தவிர, பேசாது.

ஆட்டோ-வான்னா கால் வைக்காமலே அதுவா ஆடுமா?

ஆடும். ஆனால் எது ஆட்டுகிறது என்பதைப் பொறுத்து அதில் இரண்டு வகை உண்டு. கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதல் வகை, நீங்கள் கம்பியை எவ்வளவு அழுத்தி அடிக்கிறீர்கள் என்று பார்த்து முகட்டை நகர்த்துவது. ஓங்கி அடித்தால் ஃபில்டர் நன்றாகத் திறக்கும், அதாவது முகடு மேலே போகும்; ஒலி அடங்க அடங்க மூடிக்கொள்ளும், முகடு கீழே இறங்கும். இதற்குச் சரியான பெயர் என்வலப் ஃபில்டர். இரண்டாவது வகையில், உள்ளே இருக்கும் எல்எஃப்ஓ என்ற மெதுவான ஆஸிலேட்டர் முகட்டை ஒரே வேகத்தில் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் எப்படி வாசித்தாலும் அதற்குக் கவலையில்லை.

முகட்டை நகர்த்துவது யார் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வா-வா பெடலில் கால், என்வலப் ஃபில்டரில் பிக் பிடித்த கை, எல்எஃப்ஓவில் ஒரு கடிகாரம். எதை வாங்குவது, எந்த இடத்தில் வைப்பது, எப்படிப் பழகுவது எல்லாமே இதிலிருந்துதான் பிறக்கிறது. இனிமேல் ஆட்டோ-வா என்று நான் சொல்லும் இடங்களில் என்வலப் ஃபில்டரையே சொல்கிறேன்.

இதைக் கண்டுபிடிச்சது ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்தானே?

இல்லை, அவர் அதை உலகம் முழுக்கக் கேட்க வைத்தவர்களில் ஒருவர். பெடல் பிறந்தது 1966-இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில். தாமஸ் ஆர்கன் என்ற நிறுவனம் அங்கே வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயரில் நடு அதிர்வெண்களை உயர்த்த இருந்த விலை கூடிய சுவிட்சுக்குப் பதிலாக மலிவான ஒரு பொட்டென்ஷியோமீட்டரை (திருகினால் மின்தடை மாறும் பாகம்) போட முடியுமா என்று பிராட் பிளங்கெட் என்ற இளம் பொறியாளர் வேலை பார்த்தார். அதைத் திருகிக்கொண்டே வாசித்தபோது இந்த ஒலி கிடைத்தது. வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கனுக்கான வால்யூம் பெடலின் கூட்டுக்குள் அந்தச் சர்க்யூட்டை வைத்தார்கள். இன்றைக்கும் வா-வா அதே வடிவத்தில் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

முதலில் வந்த பெடல்களில் கிளைட் மெக்காய் என்ற டிரம்பெட் கலைஞரின் பெயர் இருந்தது. டிரம்பெட்டின் வாயில் மியூட்டை வைத்து மூடித் திறந்து அழுவது போன்ற ஒலியை எடுப்பதில் அவர் பெயர் பெற்றவர். கிரை பேபி என்ற வா-வா பெடலின் பெயரும் அந்த வழியில் வந்ததே. 1982-இலிருந்து அது டன்லப் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆட்டோ-வா கொஞ்சம் பிந்தி வந்தது. மைக் பீகல் வடிவமைத்து மியூசிட்ரானிக்ஸ் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட மியூ-டிரான் 3 தான் அந்த ஒலியை எல்லோருக்கும் பழக்கப்படுத்தியது.

எந்தப் பாட்டைக் கேட்டா ரெண்டுக்கும் வித்தியாசம் பிடிபடும்?

மூன்று போதும். 1971-இல் வந்த ஐசக் ஹேஸின் ‘தீம் ஃப்ரம் ஷாஃப்ட்’. அதில் ஸ்கிப் பிட்ஸ் வாசிக்கும் கிட்டாரில் கால் தாள வாத்தியமாகவே மாறியிருக்கும். அடுத்து ஹெண்ட்ரிக்ஸ் 1968-இல் வெளியிட்ட ‘வூடூ சைல்ட் (ஸ்லைட் ரிட்டர்ன்)’. ஆரம்பத்தில் கம்பிகளை அமுக்கிப் பிடித்து வெறும் டக்-டக் சத்தத்தை வா-வா வழியாக அனுப்புகிறார். ஸ்வரமே இல்லாத இடத்திலும் ஃபில்டர் பேசுவது தெளிவாகக் கேட்கும்.

மூன்றாவது ஸ்டீவி வொண்டரின் ‘ஹையர் கிரவுண்ட்’, 1973. அது கிட்டார் இல்லை, மியூ-டிரான் 3 வழியாகப் போகும் கிளாவினெட் என்ற கீபோர்டு. ஒவ்வொரு கட்டையும் அழுத்தப்படும்போது ஒலி தனித்தனியாக வாய் திறந்து மூடுவதைக் கவனியுங்கள். காலால் அந்த வேகத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் திறந்து மூட முடியாது.

ஃபேஸர், டாக் பாக்ஸ் இதெல்லாமும் வா-வா மாதிரிதானே கேக்குது?

மேலோட்டமாக அப்படித் தோன்றும். ஃபேஸர் முகட்டை நகர்த்துவதில்லை, ஒலியில் பள்ளங்களைப் பறித்து அவற்றை நகர்த்துகிறது. அதனால் சுழல்வது போலக் கேட்கும். டாக் பாக்ஸ் நிஜமாகவே வாயைப் பயன்படுத்துவது: ஒலி ஒரு குழாய் வழியாக வாய்க்குள் வரும், வாசிப்பவர் உதட்டையும் நாக்கையும் அசைத்து வடிவம் தருவார், மைக் அதைப் பிடிக்கும்.

ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?

கால் பெடலை. காலால் ஃபில்டரைத் திறந்து மூடிப் பழகியவருக்குத்தான் ஆட்டோ-வா என்ன செய்கிறது என்று காதில் விழும். தலைகீழாகப் போனவர்கள் பெரும்பாலும் ஆட்டோ-வாவை ஒரு வேடிக்கைச் சத்தமாகவே பயன்படுத்திவிட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெடலுக்கு அது நியாயம் இல்லை. ஃபங்க் மட்டுமே வாசிப்பேன் என்பவர், உட்கார்ந்தே வாசிப்பவர், பாடிக்கொண்டே வாசிப்பதால் காலைக் கவனிக்க முடியாதவர் மட்டும் ஆட்டோ-வாவில் தொடங்கலாம்.

கால் பெடலில் டன்லப் கிரை பேபி ஜிசிபி95, வாக்ஸ் வி847 இரண்டும் பழைய வழியில் செய்தவை, பழுது பார்ப்பதும் எளிது. மோர்லி பெடல்களில் பொட்டென்ஷியோமீட்டருக்குப் பதில் ஒளியால் முகட்டை நகர்த்துகிறார்கள். உங்களிடம் ஏற்கெனவே கால் பெடலோடு கூடிய மல்டி-எஃபெக்ட்ஸ் (பல எஃபெக்ட்களை ஒரே பெட்டியில் தரும் கருவி) இருந்தால் உடனே எதையும் வாங்க வேண்டாம். அதில் இருக்கும் வா-வாவிலேயே பழகுங்கள். அதன் மெனுவில் கால் பெடலின் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் முதலில் சரிசெய்யுங்கள். பலர் அதைச் செய்யாமலே ‘சத்தம் நல்லா இல்லை’ என்கிறார்கள்.

கால் தாளத்தோட ஒட்டவே மாட்டேங்குது. என்ன பண்றது?

கிட்டார் சத்தத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். இடது கையால் எல்லாக் கம்பிகளையும் லேசாக அமுக்கிப் பிடித்து, வலது கையை ‘தகதிமி’ என்று அட்சரத்துக்கு நான்காக ஓடவிடுங்கள். மெட்ரோனோம் 70-க்கு மேல் வேண்டாம். கால் அட்சரத்துக்கு ஒரு முறை மட்டும் போய்வரட்டும்: ‘த’ விழும்போது விரல் பக்கம், ‘தி’ விழும்போது குதிகால் பக்கம். கை வேகமாகப் போகிறதே என்று காலும் கூடவே ஓடப் பார்க்கும். அதை அடக்குவதுதான் முதல் பாடம்.

அது அமைந்தபின் இரண்டாவது, நான்காவது அட்சரங்களில் மட்டும் திறந்து பாருங்கள். ஸ்னேர் விழும் இடம் அது, அதனால் டிரம்ஸோடு சேர்ந்து பாட்டுக்கு ஒரு துள்ளல் வரும். அப்புறம் இதற்கு நேர் எதிராக ஒன்று: ஒரே கார்டை அடித்து விட்டு, நான்கு அட்சரமும் எடுத்துக்கொண்டு மிக மெதுவாகத் திறங்கள். மெதுவாகத் திறக்க வராதவர்களுக்கு வேகமாகத் திறப்பதும் கட்டுக்குள் இருக்காது.

தனி வாசிப்பில் பெரும்பாலானவர்கள் செய்வது, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பெடலை ஒரு தடவை மிதிப்பது. கேட்பவருக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். ஒரு வாக்கியம் முழுக்க மூடியே வாசித்து, எந்த ஸ்வரம் முக்கியமோ அதில் மட்டும் திறந்து பாருங்கள். நின்று வாசிக்கும்போது உடம்பின் எடை மறு காலில் இருக்கட்டும். பெடல் மேல் இருக்கும் காலில் கணுக்கால் மட்டும் அசைந்தால் போதும்.

சிலர் பெடலை ஆட்டாம பாதியில நிறுத்தி வெச்சு வாசிக்கிறாங்களே, அது எதுக்கு?

முகட்டை ஒரே இடத்தில் நிறுத்தி, அதை நிலையான ஒலி நிறமாக எடுத்துக்கொள்வதற்கு. மூக்கால் பாடுவது போன்ற, நடுப்பகுதி தூக்கலான ஒலி கிடைக்கும். மற்ற வாத்தியங்களின் நெரிசலில் கிட்டார் தனியாகத் தெரிய இது அருமையான வழி. கிட்டார் கலைஞர் மைக்கேல் ஷெங்கரின் ஒலியில் இதற்குப் பெரிய பங்குண்டு, ஃபிராங்க் ஜாப்பாவும் நிறையப் பயன்படுத்தினார். இடத்தைக் கண்டுபிடித்ததும், கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பார்த்துத் தேட நேரம் இருக்காது.

ஆட்டோ-வா வாங்கிட்டேன். சில சமயம் திறக்கவே மாட்டேங்குது, சில சமயம் மூடவே மாட்டேங்குது. பெடல் கோளாறா?

அநேகமாக சென்சிட்டிவிட்டி நாப்தான். அதை உங்கள் கைக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும், அடுத்தவர் படத்தில் காட்டிய இடத்தில் வைத்துப் பயனில்லை. முதலில் அதைச் சுத்தமாகக் குறைத்துவிடுங்கள். நீங்கள் வழக்கமாக வாசிக்கும் பலத்தில் ஒரு ரிதமைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள். மென்மையாக அடிப்பவை மூடியே இருந்து, நடுத்தரமாக அடிப்பவை பாதி திறந்து, ஓங்கி அடிப்பவை மட்டும் முழுக்கத் திறக்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள். எல்லா அடிக்கும் முழுக்கத் திறந்தால் அதிகம் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கிட்டாரை மாற்றினால் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பலமான சிக்னல் தரும் ஹம்பக்கர் பிக்கப்புக்கு வைத்த அளவில், அதைவிட மென்மையான சிங்கிள் காயில் பிக்கப் பாதிகூடத் திறக்காது. பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் என்றால் எப்போதும் திறந்தே நிற்கும். கிட்டாரின் வால்யூம் நாபும் இங்கே ஃபில்டரின் நாப் மாதிரி ஆகிவிடுகிறது: கொஞ்சம் குறைத்தால் வா-வா அடங்கும், ஏற்றினால் பொங்கும். அதைத் தெரிந்து பயன்படுத்துபவர்களுக்கு அது ஒரு வரம்.

மற்ற நாப்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிகே என்பது எவ்வளவு சீக்கிரம் மூட வேண்டும் என்பது. வேகமான ரிதமுக்குக் குறைவாக வையுங்கள். பீக், ரெசொனன்ஸ், கியூ எல்லாம் முகட்டின் கூர்மை. மேல்-கீழ் சுவிட்ச் இருந்தால், கீழ் பக்கம் வைக்கும்போது ஓங்கி அடிக்க அடிக்க ஒலி திறப்பதற்குப் பதிலாக மூடும்.

டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி வைக்கணுமா, பின்னாடி வைக்கணுமா?

கால் பெடலுக்கு இரண்டும் சரிதான், ருசியைப் பொறுத்தது. கிட்டார், வா-வா, டிஸ்டார்ஷன் என்பது வழக்கமான வரிசை. ஒலி குரல் போல இழையும். பின்னால் வைத்தால் டிஸ்டார்ஷன் உண்டாக்கிய அத்தனை மேல் ஸ்வரங்களையும் ஃபில்டர் வெட்டிக்கொண்டு போவதால், சின்தசைசர் போல முரட்டுத்தனமாகக் கேட்கும். முன்னால் வைப்பதே எனக்குப் பிடிக்கும்.

ஆட்டோ-வாவில் இந்தத் தேர்வு கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் அடியின் பலத்தைப் பார்த்து நகர்வது. டிஸ்டார்ஷனும் கம்ப்ரஸரும் மென்மையையும் முரட்டையும் ஒரே மட்டமாக்கிவிடுகின்றன. அதன்பின் ஃபில்டருக்குப் பார்க்க வித்தியாசமே இல்லை. ஆகவே கிட்டாருக்கு அடுத்து முதல் ஆளாக ஆட்டோ-வா. கம்ப்ரஸர் வேண்டுமானால் அதற்குப் பின்னால், திடீரென்று துருத்தும் அடிகளை அது சமன்படுத்தும். டிலே, ரிவர்ப் எப்போதும் கடைசியில்.

ஃபஸ் பெடலோட சேர்த்தா மட்டும் வா-வா செத்துப்போகுது. தனியா நல்லாத்தான் வேலை செய்யுது.

ஃபஸ் என்பது முரட்டுத்தனமான ஒரு வகை டிஸ்டார்ஷன். ஃபஸ் ஃபேஸ் மாதிரியான பழைய பாணி ஃபஸ் பெடல்களின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு. தனக்கு முன்னால் இருக்கும் சர்க்யூட்டிலிருந்து அது நிறைய மின்னோட்டம் இழுக்கும். வா-வாவின் வெளியீட்டிலிருந்துதான் அதன் ஃபில்டரை நகர்த்தும் சிக்னலும் உள்ளே திரும்பிப் போகிறது. ஃபஸ் அதை அமுக்கிவிடுவதால் முகடு நகரும் தூரம் சுருங்கிவிடுகிறது, சில சமயம் ஊளையிடவும் செய்யும்.

ஃபஸ்ஸை வா-வாவுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள், செலவில்லாத வழி. முந்தைய பதிலில் சொன்ன முரட்டு ஒலி வரும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அது பிடிக்காவிட்டால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பஃபர் (ஒரு சர்க்யூட் மற்றதை அமுக்காமல் காக்கும் சின்னச் சர்க்யூட்) வேண்டும். ஆனால் பஃபருக்குப் பின்னால் வரும்போது இந்த வகை ஃபஸ் கூர்மையாகிவிடும், கிட்டார் வால்யூமைக் குறைத்து ஒலியைத் தெளிவாக்கும் வித்தையும் முன்போல வராது. எது உங்களுக்கு முக்கியம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆஃப்ல இருக்கும்போதும் கிட்டார் சத்தம் மங்குது. ஏன்?

பழைய வா-வா பெடல்களில் சுவிட்ச் வெளியீட்டை மட்டும்தான் மாற்றும். உள்ளீடு சர்க்யூட்டோடு ஒட்டியே இருக்கும். பெடல் ஆஃபில் இருந்தாலும் அந்தச் சர்க்யூட் கிட்டாரின் மேல் அதிர்வெண்களைத் தின்கிறது. இதைச் சரிசெய்ய முன்னால் ஒரு பஃபர் வைக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் சுவிட்சை ட்ரூ பைபாஸ் தரும் சுவிட்சாக, அதாவது ஆஃபில் சர்க்யூட்டை முழுக்கத் துண்டிக்கும் சுவிட்சாக, மாற்றலாம். சால்டரிங் தெரிந்தவருக்குச் சின்ன வேலைதான்.

பெடலை ஆட்டினா கரகரன்னு சத்தம் வருது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். பொட்டென்ஷியோமீட்டருக்குள் தூசி சேர்ந்திருக்கும். காண்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, பெடலைப் பல முறை ஆட்டுங்கள். தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ விடாதீர்கள், தூசி இன்னும் அப்பிக்கொள்ளும். அதற்கும் போகவில்லை என்றால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான பெடல்களில் இருப்பது 100 கிலோ-ஓம். ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண 100 கிலோ-ஓம் வேண்டாம், வா-வாவுக்கென்று செய்ததையே வாங்குங்கள். எதிர்ப்பு ஏறும் விதம் வேறாக இருந்தால், பெடலின் ஒரு ஓரத்தில் மட்டும் எல்லா மாற்றமும் நடந்து முடிந்துவிடும்.

பழைய பொட்டென்ஷியோமீட்டரைக் கழற்றும் முன் பல்சக்கரம் எந்த நிலையில் கோத்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் முகடு நகரும் எல்லை மாறிவிடும்.

வீட்ல இருக்கிற கீபோர்டு அடாப்டரைச் செருகலாமா?

ஒட்டியிருக்கும் எழுத்தைப் படிக்காமல் செருகாதீர்கள். பெரும்பாலான வா-வா பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடு முனை நெகட்டிவ். கீபோர்டு அடாப்டர்கள் பலவும் 12 வோல்ட், நடு முனை பாசிட்டிவ். மாற்றிச் செருகினால் சர்க்யூட் எரிந்துபோகலாம். பேட்டரியில் ஓட்டுகிறீர்கள் என்றால், வாசித்து முடித்ததும் கிட்டார் ஒயரை உள்ளீட்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஒயர் செருகியிருக்கும்வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும்.

வா-வாவில் மட்டும் உம்மென்று இரைச்சல் வந்தால், அடாப்டரோ பவர் சப்ளையோ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெடலுக்குள் இருக்கும் இண்டக்டர் ஒரு கம்பிச்சுருள். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் தள்ளி வைத்தாலே போய்விடும்.

‘ஃபாசெல்’, ‘ஹேலோ’ன்னு இண்டக்டருக்கு இவ்வளவு விலை சொல்றாங்களே. நிஜமாவே வித்தியாசம் இருக்கா?

இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. வழக்கமான சர்க்யூட்டில் சுமார் 500 மில்லிஹென்றி இண்டக்டரும் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து முகட்டை உண்டாக்குகின்றன. கணக்குப் போட்டால் சுமார் 2,250 ஹெர்ட்ஸ். பெடல் முழுக்கத் திறந்திருக்கும்போது முகடு நிற்கும் இடம் ஏறக்குறைய அதுதான். பெடலை மூடும்போது ஒரு டிரான்சிஸ்டர் அந்தக் கெப்பாசிட்டரைப் பெரிதாகத் தோன்றச் செய்கிறது, முகடு கீழே இறங்குகிறது.

இண்டக்டரின் உள்தடையும் அதன் மையப் பொருளும் முகட்டின் கூர்மையையும், ஓங்கி அடிக்கும்போது வரும் லேசான கரகரப்பையும் மாற்றும். காதில் விழும் வித்தியாசம்தான். ஆனாலும் அந்தப் பணத்தை முதலில் நல்ல பொட்டென்ஷியோமீட்டருக்கும், மேலே சொன்ன சுவிட்ச் மாற்றத்துக்கும் செலவழிக்கச் சொல்வேன்.

பேஸ் கிட்டாருக்கு இதே பெடலைப் போட்டா அடி ஒலி காணாமப் போகுதே?

கிட்டாருக்கான வா-வா கீழ் அதிர்வெண்களை வெட்டிவிடும். 400 ஹெர்ட்ஸில் தொடங்கும் முகட்டுக்கு பேஸின் அடி ஒலி தேவையே இல்லை. டன்லப் 105கியூ மாதிரி பேஸுக்கென்றே செய்த பெடல்கள் அடி ஒலியை விட்டுவைக்கும். ஆனால் பேஸுக்கு என் ஓட்டு ஆட்டோ-வாவுக்குத்தான், அதுவும் லோ-பாஸ் நிலையில். அந்த நிலை முகட்டுக்குக் கீழே இருப்பதைத் தொடுவதில்லை. பூட்ஸி காலின்ஸ் மியூ-டிரானோடு வாசித்ததைக் கேட்டால் நான் சொல்வது புரியும்.

ரெண்டு பெடலும் இருக்கு. ஒரே நேரத்துல ஆன் பண்ணலாமா?

பண்ணலாம், ஒரு நிபந்தனையோடு. இரண்டு முகடுகளும் ஒரே நேரத்தில் நகர்ந்தால், அவை சந்திக்கும் இடத்தில் மட்டும் ஒலி வெடித்து, மற்ற இடங்களில் இரண்டும் சேர்ந்து எல்லாவற்றையும் அடக்கிவிடும். கிட்டார் காணாமல் போய்த் திடீரென்று கத்தும்.

ஆட்டோ-வாவை முதலில் வையுங்கள். காரணம் டிஸ்டார்ஷன் பதிலில் சொன்னதேதான்: கால் பெடல் முன்னால் இருந்தால் அதன் முகடு நகரும்போதெல்லாம் ஒலி கூடிக் குறைந்து, அந்த ஏற்ற இறக்கத்தைப் பிக்கின் அடி என்று ஆட்டோ-வா நினைத்துக்கொள்ளும். பின்னால் இருக்கும் கால் பெடலைப் பாதியில் நிறுத்தி, ஆட்டோ-வாவின் ரெசொனன்ஸைக் குறைத்து வாசியுங்கள். கால் பெடலை நாலு பாருக்கு ஒரு தடவை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் அதே ரிதம் வேறு நிறத்தில் கேட்கும்.